டிராக்டர் ஓட்டுபவரும் கைபேசியும்

உழவுக்கும் பாரம் ஏற்றுவதற்கும் மாடுகளையே நம்பியிருந்த காலத்தில், நெல் மூட்டை ஏற்றிய கட்டை வண்டியின் மேல் குடியானவர் சற்றுக் கண்ணயர்ந்துவிட்டாலும் வண்டி பெரும்பாலும் ஊர் வந்து சேர்ந்துவிடும். வழி மாடுகளுக்குத் தெரியும். எதிரே பள்ளமோ வேறொரு வண்டியோ தென்பட்டால் அவை தாமே ஒதுங்கும், அல்லது நின்றுவிடும். டிராக்டருக்கு இத்தகைய அறிவு கிடையாது. ஓட்டுபவருடைய கண்ணும் கருத்துமே அதற்கும் கண்ணும் கருத்துமாகும். அவை வேறிடம் சென்றால், சென்ற நேரம் மூன்று விநாடியாயினும் ஐந்து விநாடியாயினும், அவ்வளவு நேரமும் அது குருட்டு யந்திரமாகவே ஓடுகின்றது. இக்காலத்தில் ஓட்டுபவருடைய கவனத்தை இழுத்துச் செல்லும் பொருள்களில் முதன்மையானது அவருடைய சட்டைப் பையில் இருக்கும் கைபேசியே.

கைபேசி குடியானவருக்கு வேண்டாத ஆடம்பரம் என்று கூறுவதற்கில்லை. கொள்முதல் நிலையத்தில் நெல் போடுவதற்குப் பதிவு செய்துகொள்வதும், மூட்டை கொண்டுவர வேண்டிய நாளை அறிவதும் இன்று கைபேசி வழியாக நடைபெறுகின்றன. அறுவடை யந்திரத்தை வாடகைக்குப் பேசுவதும், கரும்புக்கு வெட்டு உத்தரவு வந்ததா என்று விசாரிப்பதும், கோயம்பேடு அல்லது ஒட்டன்சத்திரம் சந்தையில் அன்றைய விலை என்ன என்று தெரிந்துகொள்வதும் அதைக் கொண்டுதான். தமிழ்நாடு அரசினர் 2018-ஆம் ஆண்டில் வெளியிட்ட உழவன் செயலியில் மானியத் திட்டங்கள், விதை இருப்பு, சந்தை நிலவரம், வானிலை ஆகிய விவரங்கள் கிடைக்கின்றன. இவ்வளவு பிரயோஜனமுள்ள ஒரு சாதனத்தைத் தூர எறியும்படி சொல்லுவது வீண் உபதேசமாகும். எந்த அழைப்பிலும் தன் வெள்ளாமைக்குரிய பணம் அடங்கியிருக்கக்கூடும் என்ற எண்ணமே ஓட்டுபவருடைய கையைச் சட்டைப் பைக்குக் கொண்டு செல்லுகின்றது. இந்த எண்ணத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாத புத்திமதிகள் எவ்வளவு உரத்துக் கூறப்பட்டாலும் பலன் தரமாட்டா.

சாலை விபத்துக்களைப் பற்றி மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஆண்டுதோறும் அறிக்கை வெளியிட்டு வருகின்றது. 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் 4,61,312 விபத்துக்கள் நேர்ந்தன. அவற்றில் இறந்தோர் 1,68,491 பேர். அந்த ஆண்டு விபத்துக்களின் எண்ணிக்கையில் மற்ற மாநிலங்கள் யாவற்றிலும் முந்தி நின்றது தமிழ்நாடு. இங்கு நேர்ந்த விபத்துக்கள் 64,105. இறந்தோர் 17,884 பேர். இவற்றில் கைபேசியால் நேர்ந்தவை என்று எழுதப்படுபவை சிறு பங்கேயாகும். அதைக் கண்டு ஆறுதல் அடைவது தவறு. விபத்து நேர்ந்த இடத்திற்கு வரும் போலீஸார் சக்கரத்தின் தடத்தையும் உடைந்த விளக்கையும் காணலாம். ஓட்டியவர் அந்தச் சமயத்தில் யாரோடு பேசிக்கொண்டிருந்தார் என்பதை எளிதில் காண முடியாது. இறந்தவர் சொல்லப் போவதில்லை. பிழைத்தவர் சொல்ல விரும்புவதில்லை.

பாதையும் பாரமும்

காவேரிப் பாசனப் பிரதேசத்தில் தை, மாசி மாதங்களில் சம்பா, தாளடி அறுவடை நடைபெறும்போது டிராக்டர்கள் செல்லும் பாதைகளைக் கண்டவர்களுக்கு அபாயத்தின் அளவை விரித்துக் கூற வேண்டியதில்லை. ஒரு புறம் ஆறு அல்லது வாய்க்கால். மறு புறம் ஓர் ஆள் ஆழத்திற்குத் தாழ்ந்த வயல். நடுவில் ஒரு வண்டி மட்டும் செல்லக்கூடிய தார்ச்சாலை. அந்தச் சாலையிலும் பாதியளவு நெல்லும் உளுந்தும் காயப் போடப்பட்டிருக்கும். இரவில் நெல்லைக் குவித்துக் கறுப்புத் தார்ப்பாயால் மூடி, தார்ப்பாய் பறக்காமலிருக்கச் சுற்றிலும் கருங்கல் வைத்திருப்பார்கள். சாலையில் நெல் காய வைப்பது நல்ல வழக்கமா என்பது வேறு விஷயம்; களம் போதாத ஊர்களில் அது உடனே நின்றுவிடப் போவதில்லை. ஓட்டுபவர் அதை எதிர்பார்த்தே செல்ல வேண்டியிருக்கின்றது.

இனி வண்டியின் பாரத்தைக் கவனிப்போம். கொள்முதல் நிலையத்துக்குரிய மூட்டை ஒன்று 40 கிலோ. டிரெய்லரில் 100 மூட்டை ஏற்றினால் 4,000 கிலோ ஆகின்றது. அதை இழுக்கும் 50 குதிரைச் சக்தி டிராக்டரின் எடை சுமார் 2,000 கிலோ. அதாவது, பின்னால் வரும் பாரம் முன்னால் செல்லும் யந்திரத்தைப்போல் இரு மடங்கு. அந்தப் பாரத்தைத் தாங்கும் டிரெய்லரில் பெரும்பாலும் பிரேக்கு இருப்பதில்லை. ஆதலால் டிராக்டரை நிறுத்த முயன்றாலும் டிரெய்லர் அதை முன்னுக்குத் தள்ளிக்கொண்டே வரும். இறக்கத்திலும் வளைவிலும் நேராகத் தள்ளாமல் பக்கவாட்டில் தள்ளி, டிராக்டரைச் சாலைக்குக் குறுக்கே திருப்பிவிடுவதும் உண்டு. இதற்கு ஒரே பரிகாரம், நிறுத்த வேண்டிய அவசியத்தை வெகு முன்னதாகவே கண்டுகொண்டு மெல்ல மெல்ல வேகத்தைக் குறைப்பதாகும். வெகு முன்னதாகக் காண்பதற்குக் கண் சாலையில் இருத்தல் வேண்டும்.

டிராக்டர் மெதுவாகத்தானே செல்லுகின்றது என்று பலர் எண்ணுகிறார்கள். மணிக்கு 20 கிலோ மீட்டர் வேகத்தில் செல்லும் டிராக்டர் ஒரு விநாடியில் ஐந்தரை மீட்டர் முன்னேறுகின்றது. யார் அழைக்கிறார்கள் என்று கைபேசியை எடுத்துப் பார்த்து, பெயரைப் படித்து, பச்சைக் குறியைத் தள்ளிக் காதில் வைப்பதற்குள் ஐந்து விநாடி கழிந்துவிடும். இதற்குள் வண்டி 28 மீட்டர் சென்றிருக்கும். டிராக்டரும் டிரெய்லரும் சேர்ந்த நீளத்தைப்போல் இது மும்மடங்குக்கு மேல். காயும் நெல்லின் ஓரத்தில் கூட்டுமாறுடன் குனிந்திருக்கும் ஒரு பெண்பிள்ளை நிமிர்ந்து விலகுவதற்கு இந்தத் தூரம் போதும்; ஆனால் அவள் இருக்கிறாள் என்பதை ஓட்டுபவர் கண்டால்தானே வேகத்தைக் குறைப்பார், ஒலிப்பானை அழுத்துவார்.

ஒரு கையில் கைபேசி இருக்கும்போது ஸ்டியரிங்கைப் பிடிப்பது மறு கை மட்டுமே. மேடு பள்ளத்தில் முன் சக்கரம் திடீரென்று திரும்பும்போது ஒரு கையால் அதைச் சமாளிப்பது கடினம். இதனுடன் டிராக்டருக்கே உரிய மற்றோர் அபாயமும் சேர்ந்துகொள்ளுகின்றது. வயலில் குறுகிய இடத்தில் திரும்புவதற்காக, டிராக்டரில் இடது பின்சக்கரத்துக்கு ஒன்றும் வலது பின்சக்கரத்துக்கு ஒன்றுமாக இரண்டு பிரேக்கு மிதிகள் அமைந்திருக்கின்றன. சாலைக்கு வரும்போது இவ்விரண்டையும் கொக்கியால் ஒன்றாகப் பிணைத்துவிட வேண்டும் என்பது விதி. வயலிலிருந்து ஏறும் அவசரத்தில் அநேகர் இதை மறந்துவிடுகிறார்கள். இவ்வாறு பிணைக்கப்படாத நிலையில், பேசிக்கொண்டே வந்தவர் திடுக்கிட்டுக் காலை ஊன்றும்போது ஒரு மிதி மட்டும் அகப்பட்டால், ஒரு சக்கரம் மட்டும் நின்று, பாரத்துடன் வண்டி அந்தப் பக்கமாகச் சுழன்றுவிடும். அந்தப் பக்கத்தில் இருப்பது வாய்க்காலாகவும் இருக்கக்கூடும்.

மேலும் டிராக்டரின் இரைச்சல் பெரிது. அந்த இரைச்சலில் பேச்சு கேட்க வேண்டுமாயின் கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு தலையைச் சாய்க்க வேண்டும், இரண்டு தரம் "என்ன, என்ன?" என்று கேட்க வேண்டும். தலை சாய்ந்த பக்கத்திலிருந்து வரும் வாகனம் கண்ணில் படாது. பின்னால் வரும் பஸ்ஸின் ஒலியும் காதில் விழாது. இரவானால் கைபேசியின் வெளிச்சம் வேறு. பிரகாசமான திரையைப் பார்த்த கண்கள் இருளுக்கு மறுபடி பழகுவதற்குச் சில நிமிஷங்கள் பிடிக்கும். கறுப்புத் தார்ப்பாய் மூடிய நெற்குவியலையும், பின்விளக்கில்லாமல் நிற்கும் கரும்பு டிரெய்லரையும் அந்தக் கண்கள் அருகில் வரும்வரை காணமாட்டா.

கையா, கருத்தா?

கையில் பிடித்துப் பேசினால்தான் அபாயம், காதில் மாட்டும் கருவியைக் கொண்டு பேசினால் குற்றமில்லை என்ற அபிப்பிராயம் எங்கும் பரவியிருக்கின்றது. இதைப் பற்றி வெளிநாடுகளில் நெடுநாளாகப் பரீட்சைகள் நடைபெற்றிருக்கின்றன. கனடா தேசத்தின் டொராண்டோ நகரில், கைபேசி வைத்திருந்து மோதலில் அகப்பட்ட 699 பேருடைய தொலைபேசிக் கணக்குகளை இரண்டு ஆராய்ச்சியாளர்கள் சோதித்து 1997-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பேசும் சமயத்தில் மோதல் நேரக்கூடிய வாய்ப்பு, பேசாத சமயத்தைப்போல் சுமார் நான்கு மடங்கு என்று கண்டார்கள். ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரில், விபத்தில் காயமுற்று மருத்துவமனைக்கு வந்த 456 பேரைக் கொண்டு 2005-இல் வெளியான ஆராய்ச்சியிலும் அதே நான்கு மடங்கு கண்டறியப்பட்டது. இவ்விரண்டிலும் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, கையில் பிடித்துப் பேசியவர்களுக்கும் பிடிக்காமல் பேசியவர்களுக்கும் இடையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் காணப்படவில்லை என்பதாகும்.

இதன் காரணம் எளிதில் விளங்கக்கூடியதே. அமெரிக்காவில் யூட்டா சர்வகலாசாலையைச் சேர்ந்த மனோதத்துவ நிபுணர்கள், வண்டி ஓட்டிக்கொண்டே பேசுபவர்களைப் பல்லாண்டுகள் சோதித்தார்கள். பேசுபவருடைய கண் ஒரு பொருளின்மீது நேராகப் படிந்திருந்தும் அந்தப் பொருள் அவருடைய மனத்தில் பதிவதில்லை என்று அவர்கள் கண்டார்கள். பார்த்தும் பாராத நிலை அது. மண்டிக்காரர் கிலோவுக்கு எவ்வளவு குறைத்துக் கேட்கிறார், அதற்கு இசைவதா மறுப்பதா என்று மனக்கணக்குப் போடுபவருடைய கண்ணெதிரே சிறுவன் ஒருவன் சைக்கிளில் குறுக்கே வந்தால், கண் அவனைக் காணும்; கணக்கில் மூழ்கிய மனம் காணாது. 2015-இல் அதே நிபுணர்கள், கைபடாமல் குரலால் ஏவும் கருவிகளைச் சோதித்தபோது, அவற்றில் சிலவற்றை உபயோகித்து முடித்த பின்பும் கவனம் முழுதும் சாலைக்குத் திரும்புவதற்கு 27 விநாடி வரை ஆயிற்று என்று தெரிவித்தார்கள். நமது டிராக்டரின் வேகத்தில் அந்த நேரம் 150 மீட்டராகும்.

அப்படியானால் பக்கத்தில் இருப்பவரோடு பேசுவதும் அபாயந்தானே என்று கேட்கலாம். அதுவும் சோதிக்கப்பட்டிருக்கின்றது. பக்கத்தில் இருப்பவர் சாலையைத் தாமும் காண்கிறார். எதிரே லாரி வந்தால் பேச்சை நிறுத்திக்கொள்கிறார். சில சமயம் "பார்த்து, பார்த்து" என்றும் எச்சரிக்கிறார். கைபேசியில் பேசுபவருக்குச் சாலை தெரியாது. குறுகிய பாலத்தின்மேல் இரண்டு வண்டிகள் ஒதுங்கிக்கொண்டிருக்கும் அதே சமயத்தில் அவர் சாக்கு எத்தனை என்று விசாரித்துக்கொண்டிருப்பார். (இதைக் கொண்டு டிராக்டரின் சக்கர மூடியின்மேல் துணைக்கு ஒருவரை ஏற்றிக்கொள்ளலாம் என்று கொள்ளக்கூடாது. அங்கிருந்து விழுபவர் பின்சக்கரத்திலேயே விழுவார்.)

இரு சக்கர வண்டியில் பால் கொண்டு செல்வோரும் கீரை, பூ முதலியன கொண்டு செல்வோரும் கைபேசியைத் தலைக்கவசத்துக்கும் காதுக்கும் நடுவில் செருகிக்கொண்டு பேசுவதைத் தினந்தோறும் காணலாம். கை இரண்டும் வண்டியைப் பிடித்திருப்பதால் இதில் அபாயமில்லை என்று அவர்கள் கருதுகிறார்கள். கருத்து எங்கே போயிற்று என்ற கேள்வி ஒரு புறமிருக்க, உள்ளே ஒரு பலகைபோன்ற பொருள் செருகியிருந்தால் கவசம் தலையில் சரியாகப் பொருந்தாது. விழும்போது காப்பதற்காக அணிந்த கவசம் விழும்போதே கழன்றுவிடக்கூடும்.

கழனிக்குள்

சாலையில்தான் விபத்து, சொந்த நிலத்தில் என்ன நேர்ந்துவிடும் என்று கேட்போரும் உண்டு. சேலம், நாமக்கல், கோயம்புத்தூர்ப் பக்கங்களில் தோட்டத்தின் நடுவே கைப்பிடிச் சுவரில்லாத தரைமட்டக் கிணறுகள் இன்னும் பல இருக்கின்றன. உழுதுகொண்டே வந்து கிணற்று ஓரத்தில் திரும்ப வேண்டியவர் இரண்டு விநாடி தாமதித்தால் டிராக்டரோடு உள்ளே போக வேண்டியதுதான். அவ்வாறு நேர்ந்த விபத்துக்களைப் பற்றிய செய்திகள் அவ்வப்போது பத்திரிகைகளில் வெளிவந்துகொண்டேயிருக்கின்றன.

வயலிலிருந்து கரைமேல் ஏறும்போது நேரும் அபாயமும் இத்தன்மையதே. பாரம் பின்னுக்கு இழுக்க, முன் சக்கரங்கள் தரையை விட்டுக் கிளம்பத் தொடங்கினால், சுமார் முக்கால் விநாடிக்குள் கிளட்சை மிதித்தால்தான் தப்ப முடியும். அதற்குமேல் எது செய்தும் பயனில்லை. ஒன்றரை விநாடியில் டிராக்டர் ஓட்டியவர்மேல் மல்லாந்துவிடும். முழுக் கவனத்துடன் இருப்பவருக்கே போதாத நேரம் அது. ரோட்டவேட்டர் போன்ற சுழலும் கருவிகள் பூட்டியிருக்கும்போது, பேச்சு சரியாகக் கேட்கவில்லை என்று யந்திரத்தை ஓடவிட்டுக் கீழே இறங்கி, பேசிக்கொண்டே பின்புறம் நடப்பது மற்றொரு பழக்கம். சுழலும் தண்டில் வேட்டியின் தலைப்போ துண்டோ சுற்றிக்கொள்வதற்கு ஒரு நொடி போதும். இறங்குவதானால் யந்திரத்தை நிறுத்திவிட்டே இறங்க வேண்டும்.

அறுவடை யந்திரம் ஓட்டுவோர் நிலை தனியாகக் கூறத்தக்கது. அறுவடைக் காலத்தில் அவர்கள் வெளி ஜில்லாக்களிலிருந்து வந்து, பகலும் இரவும் மாறி மாறி ஓட்டி, சரியான தூக்கமின்றி வேலை செய்கிறார்கள். ஒரு வயலில் அறுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த வயல்காரர் அழைப்பார்; அதற்கடுத்தவரும் அழைப்பார்; தரகர் அழைப்பார். நெல் சாய்ந்து கிடக்கின்றது, மழை வரும்போல் இருக்கின்றது என்பது அவர்களுடைய கவலை. அது நியாயமான கவலையே. எனினும் யந்திரத்தின் முன்னால் கதிர் எடுத்துப் போடும் ஆட்களும், சிதறிய கதிர் பொறுக்க வந்த பெண்டிரும் நடமாடிக்கொண்டிருப்பதை வெளியிலிருந்து அழைப்பவர் காண்பதில்லை.

அழைப்பவர் பொறுப்பு

இவ்விஷயத்தில் இதுவரை கூறப்பட்டுவரும் புத்திமதிகள் யாவும் ஓட்டுபவரை நோக்கியே கூறப்படுகின்றன. சாலையோரப் பலகைகளும் அவரிடமே பேசுகின்றன. ஆனால் பேச்சு என்பது இருவர் சேர்ந்து செய்வது. ஓட்டுபவரைக் கைபேசி எடுக்கச் செய்கிறவர் யார் என்பதையும் ஆராய்தல் அவசியம்.

டிராக்டர் ஓட்டுபவர் பெரும்பாலும் கூலிக்கு ஓட்டுபவர். அவரை அழைப்பவர் பெரும்பாலும் டிராக்டரின் சொந்தக்காரர். "எங்கே வருகிறாய்?" என்று அரை மணிக்கொரு தரம் விசாரிப்பதும், எடுக்காவிட்டால் மூன்று தரம் தொடர்ந்து அழைப்பதும், பிறகு நேரில் கண்டபோது "கூப்பிட்டால் எடுக்கத் தெரியாதா?" என்று கோபிப்பதும் சாதாரணமாக நடைபெறுகின்றன. இவ்வாறு கோபத்துக்கு ஆளானவர் அடுத்த தரம் வாய்க்கால் கரையில் வரும்போதும் எடுத்தே தீருவார். வேலை போய்விடும் என்ற பயம் அவருக்கு வாய்க்காலைப் பற்றிய பயத்தைக் காட்டிலும் பெரிது. பிறகு விபத்து நேர்ந்தால் "கவனக் குறைவாக ஓட்டினான்" என்று அவர்மேல் மட்டும் பழி சுமத்துவது நியாயமாகாது. காய்கறி ஏற்றிக் கேரளத்துக்கு இரவோடிரவாகச் செல்லும் வண்டிக்காரருடைய நிலையும் இதுவே. ஏற்றியவரும் வாங்குபவரும் மாறி மாறி அழைப்பார்கள். விடியுமுன் சரக்குச் சந்தைக்கு வந்து சேர வேண்டும் என்ற அவசரம் இருவருக்கும்.

ஆகவே சீர்திருத்தம் டிராக்டர் சொந்தக்காரரிடமிருந்தே தொடங்க வேண்டும். வண்டி புறப்படும்போதே எந்தெந்த இடத்தில் நிறுத்திப் பேசுவது என்று இருவரும் பேசி வைத்துக்கொள்ளலாம். முச்சந்தித் தேநீர்க்கடை ஒன்று, பாலத்துக்கு இப்பால் அகலமான இடம் ஒன்று, கொள்முதல் நிலையம் ஒன்று என்று மூன்று இடம் குறித்துக்கொண்டால் பெரும்பாலான பிரயாணங்களுக்குப் போதும். அவ்விடங்களிலிருந்து ஓட்டுபவரே அழைப்பார். நடுவில் சொந்தக்காரர் அழைக்கமாட்டார் என்பது ஏற்பாடு. "நடுவில் எடுக்காவிட்டால் நான் ஒன்றும் சொல்லமாட்டேன்" என்று சொந்தக்காரர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் ஓட்டுபவர் அதை நம்பமாட்டார்.

அவசரமாக அழைக்க நேர்ந்தாலும், எடுத்தவுடன் முதல் வார்த்தையாக, "தம்பி, வண்டியிலா இருக்கிறாய்?" என்று கேட்டு, ஆம் என்றால் விஷயத்தைத் தொடங்காமலே வைத்துவிடுவது நல்ல வழக்கம். வீட்டிலுள்ளோரும், உறவினரும், மண்டிக் கணக்கப்பிள்ளைகளும் இதைக் கைக்கொள்ளக்கூடும். இதற்குச் செலவு யாதுமில்லை.

கொள்முதல் நிலையச் செய்தியும் வங்கிச் செய்தியும் வந்து சேரும் எண்ணை, வண்டி ஓட்டுபவருடைய எண்ணாகப் பதிவு செய்து வைத்திருப்பதே பல குடும்பங்களில் தொல்லைக்குக் காரணமாயிருக்கின்றது. வீட்டில் இருப்பவரின் எண்ணைப் பதிவு செய்துகொண்டால் அந்த அழைப்புக்கள் வண்டிக்கு வாரா. செய்தியைப் படித்து அர்த்தம் சொல்வதில் குடும்பத் தலைவரைக் காட்டிலும் பள்ளியில் படிக்கும் பெண்ணோ பையனோ கெட்டிக்காரராயிருப்பதை எல்லாரும் அறிவார்கள். கைபேசியிலேயே, அழைப்பவருக்கு "வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன், பிறகு பேசுகிறேன்" என்ற செய்தியைத் தானாக அனுப்பும் ஏற்பாடு பலவற்றில் உண்டு. அதை அமைத்துத் தருவதும் அந்தப் பிள்ளைகளுக்குச் சிறு வேலைதான். அமைத்த பின் கைபேசியைச் சட்டைப் பையில் வைக்காமல், ஓசையை அடக்கி, இருக்கைக்கடியிலுள்ள சாமான் பெட்டியில் வைத்துவிட வேண்டும். பையில் இருந்தால் அது அதிரும்போதே கவனம் பாதி போய்விடும்.

அழைப்புத் தவறினால் சில சமயம் நஷ்டம் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. தக்காளி, வெங்காயம் போன்ற சரக்குகளில் பத்து நிமிஷத்தில் விலை மாறுவதும், எடுக்காதவரை விட்டு வியாபாரி வேறொருவரிடம் பேசிவிடுவதும் நடக்கக்கூடியவையே. அத்தகைய அழைப்பை எதிர்பார்ப்பவர் வண்டியை ஓரங்கட்டிப் பேசட்டும். ஓரங்கட்டுவதற்கும் இடமறிந்து செய்ய வேண்டும். வளைவிலும், பாலத்தின் மேலும், ஏற்றத்தின் உச்சியிலும் நிறுத்தினால் பின்னால் வருபவர் வந்து மோதுவார். அகலமான இடமாகப் பார்த்து, சாலையை விட்டு இறக்கி, எச்சரிக்கை விளக்கைப் போட்டு, டிரெய்லருக்குப் பின்னால் பிரதிபலிப்பான் பட்டை இருக்கிறதா என்பதையும் அந்தச் சாக்கில் ஒரு முறை பார்த்துக்கொள்ளலாம்.

நடவுக்கும் களையெடுப்புக்கும் பெண்களை டிரெய்லரில் ஏற்றிச் செல்லும் வழக்கத்தைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை கூற வேண்டும். டிரெய்லர் ஆட்களை ஏற்றுவதற்காக ஏற்பட்டதன்று. அதில் பிடித்துக்கொள்ள யாதொரு வசதியும் இல்லை; கவிழ்ந்தால் அத்தனை பேரும் அதன் அடியில் அகப்படுவார்கள். ஆள் ஏற்றாமலிருப்பதே முறை. முறை தவறி ஏற்றியவர் கைபேசியையும் எடுத்தால், இருபது வீடுகளின் அடுப்பு அவருடைய காதோரத்தில் இருக்கின்றது.

சட்டம்

1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆவது பிரிவு, அபாயகரமாக வாகனம் ஓட்டுவதைப் பற்றியது. 2019-இல் செய்யப்பட்ட திருத்தத்தினால், ஓட்டும்போது கையில் பிடித்துப் பேசும் கருவியை உபயோகிப்பதும் இப்பிரிவில் சேர்க்கப்பட்டது. முதல் குற்றத்திற்கு ஆறு மாதத்திற்குக் குறையாமல் ஒரு வருஷம் வரையில் சிறைவாசம், அல்லது ரூ. 1,000 முதல் ரூ. 5,000 வரையில் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். மூன்று வருஷத்திற்குள் மறுபடி அதே குற்றம் செய்தால் இரண்டு வருஷம் வரையில் சிறைவாசம், அல்லது ரூ. 10,000 அபராதம், அல்லது இரண்டும். டிராக்டரும் மோட்டார் வாகனமேயாதலால், சாலைக்கு வந்தவுடன் இச்சட்டம் அதற்கும் பொருந்தும். வழி காட்டும் படத்தைப் பார்ப்பதற்கு மட்டும் 2020 அக்டோபர் முதல் தேதியிலிருந்து அனுமதி உண்டு. அதுவும் ஓட்டுபவருடைய கவனத்தைக் கலைக்காத முறையில் இருத்தல் வேண்டும். ஆகவே போக வேண்டிய ஊரைப் புறப்படுமுன்பே கைபேசியில் குறித்துவிட்டு, அதை வண்டியின் முன்புறம் பொருத்திவிட வேண்டுமேயன்றி, போகும்போது கையில் எடுத்துத் தேடிக்கொண்டிருக்கக்கூடாது.

விபத்து நேர்ந்துவிட்டால்

விபத்து நேர்ந்த பிறகு உயிர் காப்பதும் அதே கைபேசிதான். முதலில் யந்திரத்தை நிறுத்திவிட்டு, பின்னால் வரும் வண்டிகளுக்கு ஒருவரைக் கொண்டு எச்சரிக்கை செய்து, உடனே 108 என்ற எண்ணை அழைக்க வேண்டும். உதவிக்கு வருபவர் நல்லெண்ணத்துடன் செய்த காரியத்திற்காக அவர்மேல் வழக்குத் தொடர முடியாது என்றும், பெயரைக் கூறும்படி அவரைக் கட்டாயப்படுத்தலாகாது என்றும் சட்டத்தில் இடம் செய்யப்பட்டிருக்கின்றது. தமிழ்நாட்டில் சாலை விபத்தில் காயமுற்றோருக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை அளிக்கும் திட்டமும் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது. ஆதலால் பணத்தை எண்ணி யாரும் தயங்க வேண்டியதில்லை.

தாமதம் பெரும்பாலும் வேறொரு காரணத்தால் ஏற்படுகின்றது. ஆற்றங்கரைச் சாலையில் ஊர்ப் பலகையோ மைல் கல்லோ இராது. பதற்றத்தில் அழைப்பவர் "ஆற்றங்கரையில்" என்று மட்டும் சொல்லுவார். ஆம்புலன்ஸ் எந்தக் கரையில் வருவது என்று தெரியாமல் அக்கரையில் வந்து நிற்கும். எந்த ஆறு, வலக்கரையா இடக்கரையா, அருகிலுள்ள மதகு அல்லது சட்ரஸின் பெயர் என்ன, அதிலிருந்து கிழக்கா மேற்கா என்ற இந்நான்கையும், அறுவடைக்கு முன்பே வண்டி ஓட்டுபவரும் மூட்டை தூக்குவோரும் தெரிந்து வைத்துக்கொள்ளும்படி டிராக்டர் சொந்தக்காரர்கள் செய்ய வேண்டும்.